டிஸ்பென்சரிப் பருந்து

விறகு வெட்டப் போன ஆட்கள் அதைக் கொழுந்துக் கூடையில் போட்டு, மேலே ஒரு தலைப்பாகைத் துணியை மூடி, நேராக டிஸ்பென்சரிக்குக் கொண்டுவந்தார்கள். ரத்தோட்டைக்குக் கீழே இருந்த அந்தத் தோட்டத்துக்கு நான் மருத்துவச்சியாக வந்து அப்போது இரண்டாவது வருடம். மேட்டில் தேயிலை, பள்ளத்தில் ஆற்றை ஒட்டி கொக்கோ. தேயிலை காயவைக்கும் ஸ்டோர் அடுப்புக்காக ஆற்றங்கரையில் ஒரு பெரிய மரத்தைச் சாய்த்திருக்கிறார்கள். உச்சியில் கூடு இருந்தது கீழே விழுந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. இரண்டு குஞ்சுகளில் ஒன்று அங்கேயே செத்துவிட்டது. மற்றதைச் சுற்றி நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தால், வெள்ளைத் தலையும் செங்கல் நிற உடம்புமாக இரண்டு கருடன்கள் வட்டம் போட்டுக்கொண்டிருந்தன. கருடன் கூட்டைக் கலைத்த பாவம் யார் தலையில் விழும் என்று வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்களாம்.

மூச்சு இருக்கிற எதற்கு என்ன ஆனாலும் டிஸ்பென்சரிக்குத் தூக்கி வருவது தோட்டத்து வழக்கம். எங்கள் கம்பவுண்டர் மாத்தளை டவுன்காரர். நாற்பது வயது இருக்கும். மனைவி, பிள்ளைகளை டவுனில் விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்ப் பார்த்து வருவார். குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை. துணியை விலக்கிப் பார்த்து, எங்கே காயம் என்று கேட்டார். காயமெல்லாம் இல்லை, தாய்தான் இல்லை என்றார்கள்.

"அதுக்கு நம்மகிட்ட மருந்து இல்லையே" என்று சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். கூடையோடு வந்தவர்களும் என்னைப் பார்த்தார்கள்.

அப்படித்தான் அது என்னிடம் வந்தது. டிஸ்பென்சரிக்குப் பின்பக்கம் இரண்டு கட்டில் போட்ட பிரசவ அறை, அதை ஒட்டி எனக்கு ஓர் அறை, சமைக்க ஒரு குசினி. குசினி மூலையில் பழைய தேயிலைப் பெட்டி ஒன்றை வைத்து, உள்ளே கந்தல் விரித்து அதற்கு இடம் செய்தேன். உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் நிறையும் அளவு. உடம்பெல்லாம் அழுக்கு வெள்ளைப் பஞ்சு. கண் மட்டும் ரொம்பப் பெரியது. கண்டியில் பயிற்சியின்போது எனக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் மனிதக் குழந்தையைப் பற்றித்தான். பிறந்ததற்கு முதலில் பால். ஆகவே ஆட்டுப்பாலை வெதுவெதுப்பாக்கி, கரண்டியில் எடுத்து வாயில் விட்டேன். வாயைத் திறக்க மறுத்தது. திறந்து விட்டேன், துப்பியது. மறுநாள் அரிசிக் கஞ்சி. விழுங்கியதைப் பார்த்து நான் மகிழ்ந்து முடிக்கும் முன்னே அதை என் சேலையில் கக்கிவிட்டு, கழுத்தைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துகொண்டது.

கம்பவுண்டர் வாசலில் நின்று பார்த்தார். கருடன் மடியில் படுத்துப் பால் குடித்து எங்காவது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். நான் அதுவரை அந்தக் கோணத்தில் யோசிக்கவே இல்லை.

அன்று மத்தியானம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஆடு அடித்திருந்தார்கள். ஈரல் துண்டு ஒன்றை வாங்கிவந்து பொடியாக நறுக்கி, விரல் நுனியில் வைத்து நீட்டினேன். நான் இழுத்துக்கொள்ளும் முன்னே விரலையும் சேர்த்துக் கவ்வியது. வலித்தது. ஆனால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் புரிந்துகொண்டோம் என்றே நினைத்தேன். என் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், பெட்டிக்குள் எழுந்து நின்று ஒரு கிழட்டுப் பூனை மாதிரி கத்தும். தொண்டைக்குக் கீழே இருக்கும் இரைப்பை எலுமிச்சம்பழம் போல் புடைக்கும்வரை தின்னும். தின்று முடித்தவுடன் தூங்கும். பிரசவ அறைக்கு வரும் பெண்களிடம் நான் என் குஞ்சைப் பற்றிப் பெருமையாகப் பேசத் தொடங்கினேன்.

மூன்று வாரம் போயிருக்கும். உடம்பு பெருத்துவிட்டது, ஆனால் அது நிற்கவில்லை. நின்றாலும் கால் இரண்டும் உள்பக்கம் வளைந்து, மார்பு தரையில் படும். சோம்பேறி என்று நான் செல்லமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கம்பவுண்டர் குனிந்து, அதன் காலை இரண்டு விரலால் பிடித்துத் தடவிப் பார்த்தார். வழக்கமாக அதைத் தொடவே மாட்டார்.

"இந்தக் காலை நீங்க எங்கயும் பாத்ததில்லையா நர்ஸம்மா? நம்ம பத்தாம் நம்பர் லயத்துப் பிள்ளைங்க காலு."

எனக்குச் சுரீர் என்றது. எலும்பு பிடிக்காமல் வளைந்துபோன கால்களை வாரம் ஒன்றாவது பார்க்கிறவள் நான். லயத்து இருட்டறைக் காம்பிராவுக்குள்ளேயே குழந்தையை வைத்திருக்கும் தாய்மாரை வெயிலுக்கு விரட்டுகிறவளும் நான்தான். என் குசினியில், என் கையாலேயே, நான் அதைச் செய்து வைத்திருந்தேன். எலும்பை எல்லாம் பார்த்துப் பார்த்து நீக்கிவிட்டு வெறும் ஈரலும் சதையுமாக ஊட்டியிருக்கிறேன், தொண்டையில் சிக்கிவிடுமே என்று.

அந்த வாரம் மீன் நானா வந்தார்; மீன் விற்கும் முஸ்லிம்காரரை நாங்கள் அப்படித்தான் அண்ணன் முறை சொல்லிக் கூப்பிடுவோம். கலேவெலைப் பக்கத்துக் குளக்கரையில் வீடு. குளத்து மீனை லொறியில் மாத்தளைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து சைக்கிளில் கூடை கட்டித் தோட்டம் தோட்டமாக வருவார். வாரத்தில் இரண்டு நாள் எங்கள் பக்கம். அவர் கூடை வைக்கும் இடத்தில் எப்போதும் கருடன்கள் சுற்றிக்கொண்டிருக்கும் என்பதால், அவற்றைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது. குஞ்சைப் பார்த்துவிட்டு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். ஈரலா என்று கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"முழு மீனாக் குடுங்க நர்ஸம்மா. முள்ளு, தலை, குடல், எல்லாத்தோடயும். அதுட உம்மா முள்ளு பார்த்தா குடுக்கிற?"

கூடையின் அடியில் கிடந்த பொடி மீன்களை ஓர் இலையில் அள்ளி வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அப்படி அள்ளி வைப்பது அவர் வேலையாகிவிட்டது. கம்பவுண்டர் தன் பங்குக்கு மீனெண்ணெய்ப் போத்தலை எடுத்துவந்து, ஒவ்வொரு மீனிலும் ஒரு சொட்டு விடச் சொன்னார். காலையில் அதை வெளியே தூக்கிப்போய் வெயிலில் வைப்பதும் அவர்தான். காலை நோயாளிகள் வரிசையாக நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் அதுவும் நோயாளி மாதிரி உட்கார்ந்திருக்கும். வலது கால் இருபது நாளில் நிமிர்ந்தது. இடது கால் கொஞ்சம் தாமதம். பிறகு ஒருநாள் பெட்டி விளிம்பில் ஏறி நின்று, சிறகை விரித்து அடித்ததில் குசினிச் சாம்பல் முழுவதும் என் மாவுச் சட்டியில் வந்து விழுந்தது.

அப்போது வேறொரு சிக்கல் முளைத்தது. பஞ்சு உதிர்ந்து இறகு முளைத்தபோது அது கருடனாக இல்லை. தலை பழுப்பு, உடம்பு பழுப்பு, அங்கங்கே புள்ளி. குஞ்சுப் பருவத்தில் இப்படித்தான் இருக்கும், இரண்டு மூன்று வருடம் போனால்தான் தலை வெளுக்கும் என்று மீன் நானா சொன்னார். அதை யார் கேட்டார்கள்? அதுவரை டிஸ்பென்சரிப் பக்கம் வந்தால் கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள் இப்போது முகத்தைச் சுளித்தார்கள். இது கோழி பிடிக்கிற பருந்து என்றார்கள். விறகு வெட்டியவர்கள் மட்டும் விடாமல் சாதித்தார்கள். பாவம் செய்தது அவர்கள், அதனால் அது கருடனாக இருந்தே ஆக வேண்டும்.

பறக்கக் கற்றதும் அது என் பின்னாலேயே வரத் தொடங்கியது. நான் லயத்துக்கு நடந்தால் மரத்துக்கு மரம் தாவி வரும். ஒருநாள் காலை, ஒரு பெண்ணுக்குத் தலைப்பிரசவம். டிஸ்பென்சரிக்குத் தூக்கி வர நேரமில்லை, காம்பிராவிலேயே பார்க்க வேண்டியிருந்தது. விடிந்ததிலிருந்து வலி. சின்னப் பெண், பயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பை இறுக்கி வைத்திருந்தாள். நான் சொல்வது எதுவும் காதில் விழவில்லை. அந்த நேரம் தகரக் கூரை மேல் கறக் கறக் என்று நடக்கிற சத்தம். ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் நடக்கும், திரும்பி வரும், நின்று பூனைக் குரலில் கத்தும். காலைச் சாப்பாடு தாமதமாகிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. வெளியே போய் விரட்டவும் முடியவில்லை. அந்தப் பெண் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தாள்.

"அதுக்கும் வலி வந்துருச்சா நர்ஸம்மா?" என்று கேட்டாள்.

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். சிரித்ததில் உடம்பு தளர்ந்தது. அரை மணி நேரத்துக்குள் பெண் குழந்தை, நல்ல எடை, நல்ல குரல். வெளியே இருந்த ஆட்கள் குழந்தை அழுததா, பருந்து அழுததா என்று குழம்பிப்போனார்களாம். அதற்குப் பிறகு மாசமாக இருந்த இரண்டு பெண்கள், தங்கள் நேரம் வரும்போது பறவையையும் கூட்டிவர முடியுமா என்று மெதுவாகக் கேட்டார்கள். கோழி வைத்திருந்தவர்கள் மட்டும் கேட்கவில்லை.

உண்மையில் அது எந்தக் கோழியையும் பிடித்ததில்லை. பிடிக்கத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் மனிதர் கையில் இருப்பதை வாங்குவது. கொடுத்தால் வாங்கும், கொடுக்காவிட்டால் எடுத்துக்கொள்ளும். கொழுந்து பறிக்கும் மலையில் மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தால் கருவாட்டுத் துண்டு போய்விடும். பெண்கள் திட்டிக்கொண்டே ஒரு துண்டைத் தூக்கிப் போட்டும் பழக்கினார்கள். என்னைக் கண்டால் எப்படி வாயைத் திறந்து சிறகை நடுக்குமோ, அப்படியே தோட்டத்தில் யாரைக் கண்டாலும் செய்யத் தொடங்கியது. மனிதர்கள் எல்லோரும் அதற்குத் தாய்மார்தான். இதில் ஆபத்து இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

ஒருநாள் அது தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவுக்குப் போனது. துரையும் துரைசாணியும் வராந்தாவில் காலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேசை நடுவில் இறங்கி, துரையின் தட்டில் இருந்த பன்றி இறைச்சித் துண்டை எடுத்துக்கொண்டு, பால் குவளையைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மறுநாளும் அதே நேரத்துக்குப் போனது. துரைசாணி போட்ட கூச்சல் ஸ்டோர்வரை கேட்டதாக பங்களாவில் சமைக்கும் அப்பு சொன்னார். துரை துப்பாக்கியைத் துடைத்து வராந்தாவில் சாய்த்து வைத்துவிட்டு, கம்பவுண்டருக்கு ஆள் அனுப்பினார்.

கம்பவுண்டர் திரும்பி வந்தபோது நான் வாசலிலேயே நின்றிருந்தேன். அது டிஸ்பென்சரி நோயாளி, கால் குணமாகிக்கொண்டிருக்கிறது, இரண்டு வாரத்தில் டிஸ்சார்ஜ் என்று துரையிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். இரண்டு வாரம் தந்தேன், அதற்குப் பிறகு கண்ணில் பட்டால் சுடுவேன் என்றாராம் துரை. இதைச் சொல்லும்போதும் கம்பவுண்டர் குரல் உயரவில்லை. ஆனால் வேட்டி முழுக்க வியர்வை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பினேன். மீன் நானா கூட வந்தார். அவர் ஊர்க் குளத்தில் கருடன்கள் நிறைய, கூட்டத்தோடு விட்டுவிட்டால் பழகிவிடும் என்பது எங்கள் திட்டம். மூடி போட்ட கூடையில் அதை வைத்து மாத்தளையிலிருந்து பஸ் ஏறினோம். பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா கூடைக்குள் என்ன என்று கேட்டார். கோழி என்றேன். கோழி உடனே நீளமாக ஒரு பருந்துக் குரல் கொடுத்தது. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் வந்து மூடியைத் தூக்கினார், அது அவரைப் பார்த்து வாயைத் திறந்து சிறகை நடுக்கியது. அதற்குப் பசிக்கிறது என்று அவரே சொல்லி, யாரோ பயணியின் பொட்டலத்தில் இருந்து வடைத் துண்டு ஒன்றை வாங்கிப் போட்டார். தம்புள்ளை வருவதற்குள் அது நாலு வடை தின்றிருந்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

குளம் பெரிது. கரையில் மருத மரங்கள், மேலே ஏழெட்டுக் கருடன்கள். கூடையைத் திறந்தேன். அது வெளியே வந்து, சுற்றிப் பார்த்து, நேராக என் தோளில் ஏறிக்கொண்டது. இறக்கிவிட்டேன், மறுபடி ஏறியது. அப்போது வெள்ளைத் தலைக் கருடன் ஒன்று தாழப் பறந்து வந்தது. என் குஞ்சு அதைப் பார்த்து வாயைத் திறந்து, சிறகை நடுக்கி, சாப்பாடு கேட்டது. அந்தக் கருடன் கொடுத்தது ஓர் அடி. என் குஞ்சு உருண்டு விழுந்து எழுந்து, ஓடிவந்து, என் சேலை மடிப்புக்குள் தலையை விட்டு ஒளிந்துகொண்டது. பறந்துகூடப் போகவில்லை, நடந்தே ஓடியது. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. இத்தனை நாள் நான் வளர்த்தது கருடனையும் இல்லை, பருந்தையும் இல்லை.

மீன் நானா சொன்னது எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. "நீங்க பக்கத்துல இக்கிற வரைக்கும் இது ஒண்ணும் படிக்காது. கோபிச்சுக்க வேணாம். போங்க."

அவர் வீட்டில் அதை விட்டுவிட்டு, வெறும் கூடையோடு பஸ் ஏறினேன்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் எனக்கு மீன் நானாவின் சைக்கிள் மணிதான் எல்லாம். செய்தி முதலில் நன்றாகவே இல்லை. வீட்டு மதிலில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களிடம் எல்லாம் கேட்கிறது. குளத்தில் குளிப்பவர்கள் பக்கத்தில் போய் நிற்கிறது. அவர் மனைவி இரக்கப்பட்டு மறைவாக மீன் கொடுத்திருக்கிறார், அதை நானா கண்டுபிடித்து நிறுத்தியிருக்கிறார். கையால் யாரும் கொடுக்கக்கூடாது, அதனோடு யாரும் பேசக்கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டு, மீன் குடலைக் கரையில் கொட்டிவிட்டு ஒளிந்து நின்று பார்த்தால், காகங்கள் முதலில் வந்துவிடுகின்றன. இரண்டு காகம் வாலைப் பிடித்து இழுக்க, மூன்றாவது காகம் முன்னாலிருந்து குடலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. உங்கள் பிள்ளை பார்த்துக்கொண்டே நின்றது என்றார். மெலிந்துவிட்டது என்பதையும் மறைக்கவில்லை.

நான் மறுநாளே போய்க் கூட்டிவந்துவிடுகிறேன் என்றேன். குசினியிலேயே பூட்டி வைத்துக்கொள்கிறேன், துரை கண்ணில் படாது என்றேன். மருந்து கலக்கிக்கொண்டிருந்த கம்பவுண்டர் நிமிராமலே கேட்டார்.

"பால் மறக்கடிக்கிறப்போ பிள்ளை அழுதுன்னு வர்ற தாய்மாருக்கு நீங்க என்ன சொல்லுவீங்க?"

மூன்று நாள் தாங்கிக்கொள் என்றுதான் சொல்லுவேன். எத்தனை பேருக்கு எத்தனை எளிதாகச் சொல்லியிருக்கிறேன். நான் போகவில்லை.

அடுத்த தடவை மீன் நானா வளைவிலேயே மணி அடிக்கத் தொடங்கினார். மேடு ஏறி வரும்வரை நிறுத்தவில்லை. கூடையை இறக்காமலே சொல்ல ஆரம்பித்தார். தண்ணீரில் மிதந்த குடலை மற்றக் கருடன்கள் வந்து வந்து அள்ளிப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. பிறகு தானும் இறங்கியிருக்கிறது. கணக்குத் தவறித் தண்ணீரில் விழுந்து, சிறகால் துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்து, பாறையில் உட்கார்ந்து காய்ந்திருக்கிறது. இனி போகாது என்று நினைத்தார்களாம். ஆனால் மாலையில் மறுபடி போய், இரண்டு காலாலும் அள்ளி எடுத்து, பறக்கும்போதே குனிந்து தின்றுகொண்டு போனது. மதிலுக்கு வரவில்லை. மருத மரத்தில் உட்கார்ந்தது.

கம்பவுண்டர் அன்று நோயாளிகளை ஐந்து நிமிடம் காக்கவைத்துவிட்டு மூன்று பேருக்கும் தேத்தண்ணி போட்டார். அவர் தேத்தண்ணி போட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். சீனி போட மறந்துவிட்டார். நாங்கள் குடித்தோம்.

ஒரு பறவையைக் காப்பாற்றினாள் என்று பேர் வந்தால் அதற்குப் பிறகு வீடு வீடாக இருக்காது. முயல் வந்தது, இரண்டு மரநாய்க் குட்டி வந்தது, இறக்கை ஒடிந்த மரங்கொத்தி வந்தது. பாதிக்கு மேல் பிழைக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு மழைநாளில் ஆந்தைக் குஞ்சு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நான் வாங்கவில்லை. எந்த மரத்தடியில் கிடந்தது என்று கேட்டு, அவர்களோடேயே போய், ஒரு பழைய கூடையைக் கிளையில் கட்டச் சொல்லி அதில் வைத்துவிட்டு, தள்ளி நின்று பார்த்தோம். இருட்டும் முன்னே தாய் வந்து உட்கார்ந்தது. எனக்குச் சந்தோஷமும் வெட்கமும் சேர்ந்து வந்தன. என் குஞ்சைப் பெற்ற அந்த இரண்டு கருடன்களும் ஆற்றங்கரையில் இரண்டு நாள் சுற்றிக்கொண்டிருந்தன. பக்கத்து மரத்தில் ஒரு கூடையைக் கட்ட எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இரண்டு வருடத்துக்குப் பிறகு மீன் நானா வீட்டில் மகன் பிறந்தான். பார்க்கப் போனேன். குழந்தையைத் தூக்கி, எடை பார்த்து, தொப்புளைப் பார்த்துச் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்ததும், அவர் என்னைக் குளக்கரைக்குக் கூட்டிப் போனார். மேலே வெள்ளைத் தலைகள் பத்துப் பன்னிரண்டு. அதோ அதுதான் உங்களுடையது என்று ஒன்றைக் காட்டினார். முகத்தைப் பார்த்தாலே தனக்குத் தெரியும் என்றார். கொஞ்ச நேரம் கழித்து வேறொன்றைக் காட்டி, அதுதான் என்றார். வாசலில் இருந்த அவர் மனைவி, இவர் விட்டால் எல்லாவற்றையும் உங்களுடையது என்றுதான் சொல்வார் என்றார்.

நான் கூப்பிடவில்லை. கூப்பிட வாய்வரை வந்தது. நானா மீன் குடலை ஒரு வீச்சாகத் தண்ணீரில் எறிந்தார். ஒன்று சாய்ந்து இறங்கி, எனக்கு நாலு முழத் தூரத்தில் அள்ளிக்கொண்டு போனது. நான் ஒரு மரக்கட்டை என்பதுபோல் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது என் குஞ்சாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இரண்டில் எதுவாக இருந்தாலும் எனக்கு நிறைவாக இருந்தது.

பிறகு இனிப்பாக வட்டிலப்பம் கொடுத்தார்கள். இரண்டு தட்டுச் சாப்பிட்டேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. வழியில் நாலந்தை ஊர் தாண்டியது எனக்குத் தெரியாது, நன்றாகத் தூங்கிவிட்டேன். மாத்தளையில் கண்டக்டர் எழுப்பித்தான் இறங்கினேன்.